வேலி மரம் வெட்டும் ஐகாண்டே

கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன் ஐகாண்டே மரத்தைத் தட்டிப் பார்க்கிறாள். விரல் முட்டியால் முழங்கால் உயரத்தில் ஒரு தட்டு, இடுப்பு உயரத்தில் ஒரு தட்டு, மார்பு உயரத்தில் ஒன்று. பிறகு இரண்டு கைகளாலும் தடவிக்கொண்டே மரத்தைச் சுற்றி வருகிறாள். பட்டையில் எங்காவது உதடு குவிந்ததுபோல ஒரு தடிப்பு தட்டுப்பட்டால், "தின்னுட்டு வாயைத் தொடச்சுக்கிட்டு நிக்கிறான் பாரு, திருட்டுப் பய" என்று வைதபடி அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுகிறாள். மரம் தின்றது முள்கம்பியை.

எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் கம்பம் நடச் சோம்பல்பட்டு, வேலியோரம் நின்ற கன்றிலேயே கம்பியை வைத்து ஆணி அடித்திருப்பார். கன்று பருத்துக் கம்பியை விழுங்கிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெரியாமல் அறுத்தால் ரம்பத்தின் பல் போகும். மலையடிவார நகரமான மோஷியிலிருந்து மோட்டார் ரம்பத்தோடு ஜம்பமாக மலையேறி வந்தவர்கள் எத்தனையோ பேர், சங்கிலி அறுந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறார்கள். அவர்கள் இறங்கிப் போன மறுநாள் ஐகாண்டேவுக்கு ஆள் வரும்.

அவள் கம்பியோடு சண்டை போடுவதில்லை. சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே அறுப்பாள். ஒரு சாண் கீழே அறுப்பாள். மரம் போய்விடும். கம்பியை விழுங்கிய துண்டு மட்டும் வேலியிலேயே தொங்கும். மராங்கு ஊரிலிருந்து மேலே போகும் பாதையில் வேலிக்கம்பிகளில் இப்படி மரத்துண்டுகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்தால், அந்தப் பக்கம் ஐகாண்டே வந்து போயிருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளலாம். கோழிகளுக்கு அவற்றின் மேல் ஏறி உட்காரப் பிடிக்கும்.

ஊரில் அவளைக் கோடாலி அம்மா என்கிறார்கள். அவளிடம் கோடாலியே கிடையாது. ஒரு கை ரம்பம், ஒரு வெட்டுக்கத்தி, முனை தேய்ந்த ஒரு மண்வெட்டி, ஆட்டுக் கயிறு மாதிரி இருந்தாலும் ஆறு பேர் இழுத்தால் அறாத ஒரு கயிறு. இவ்வளவுதான். நாற்பத்தெட்டு வயது. தோள் அகலம். தலையில் கட்டுகிற கங்கா துணியில் எப்போதும் ஏதாவது ஒரு வாசகம் அச்சாகியிருக்கும். அது என்ன சொல்கிறது என்று கேட்டால், "விலை மலிவா இருந்துச்சுன்னு சொல்லுது" என்பாள். கணவர் எலினாமி தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கிறார். பழம் நறுக்கும் கத்தியைக் கண்டாலே விரலை மடக்கிக்கொள்கிற மனிதர். வீட்டில் வாழைக்காய் உரிப்பதும் அவள்தான்.

வேலி மரங்களை யார் நட்டார்கள் என்று அவளிடம் கேட்டுவிட்டால் போதும், வேலை நின்றுவிடும். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்து ஆரம்பிப்பாள். "மனுசன் நட்டது பத்துல ரெண்டு. மிச்சம் எல்லாம் இவங்க நட்டது" என்று கம்பியில் உட்கார்ந்திருக்கும் குருவிகளைக் காட்டுவாள். "எங்கேயோ பழத்தைத் தின்ன வேண்டியது, இங்கே வந்து கம்பி மேல குந்த வேண்டியது, கீழே விட வேண்டியது. அதான் பாரு, மரம் எல்லாம் கம்பிக்கு நேர் கீழேயே நிக்கும். நூல் பிடிச்சு நட்டாக்கூட இவ்வளவு நேரா வராது." அவள் சொன்ன பிறகு பார்த்தால் உண்மைதான். அதுவரை அதை யாரும் கவனித்ததில்லை.

அந்தப் பத்தில் இரண்டிலும் அவளுக்குப் பங்கு உண்டு. கல்யாணத்துக்கு முன் நாலு வருடம் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தாள். தைல மரக்கன்றும் சில்வர் ஓக் கன்றும் பையில் போட்டு வளர்த்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். வேலியோரம் நடுங்கள், விறகுக்கு ஆகும் என்று சொன்னார்கள். அவள் கையால் மண் நிரப்பிய பைகள் பல்லாயிரம் இருக்கும். இப்போது அதே மரங்கள் வாய்க்காலை உறிஞ்சுகின்றன, வாழைக்கு வெயில் விடாமல் நிற்கின்றன. "நான் வளர்த்த புள்ளைங்களை நானே அடக்க வேண்டியிருக்கு" என்று சொல்லிச் சிரிப்பாள். வருத்தம் இருக்கிறதா என்று கேட்டால், "தைல மரத்தை வெட்டிப்பார், அப்புறம் வந்து வருத்தத்தைப் பத்திப் பேசு" என்பாள்.

ஏனென்றால் தைல மரம் வெட்டினால் சாகாது. அடிக்கட்டையைச் சுற்றி ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். அதனால் கட்டையின் பட்டையை மண்மட்டத்துக்குக் கீழே வரை உரித்து, மேலே மண்ணை ஏற்றி மிதித்து மூடிவிட்டு, மாதம் ஒரு முறை வந்து பார்ப்பாள். எட்டிப் பார்க்கிற துளிரைக் கட்டைவிரலால் ஒடித்துப் போடுவாள். சில்வர் ஓக்குக்கு வேறு வைத்தியம். இடுப்பு உயரத்தில் ஒரு முழ அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்துவிட்டுப் போய்விடுவாள். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அது நின்றபடியே காயும். குருவி போட்ட சின்னக் கன்றுகளுக்குக் கத்தியே வேண்டாம். நல்ல மழை பெய்த மறுநாள் போய், இரண்டு கையாலும் பிடித்து, பின்னுக்குச் சாய்ந்து இழுத்தால் வேரோடு வரும். ஏப்ரல் மாதம் முழுக்க அவள் ஆடையின் பின்பக்கம் சேறாக இருப்பது இதனால்தான்.

இத்தனை வைத்தியம் தெரிந்தவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. வேலிக்கு இரண்டு பக்கத்துக்காரர்களும் வந்து நேரில் நின்றால்தான் முதல் வெட்டு விழும். ஒரு முறை ஒருத்தி சொன்னாள் என்று ஒரு மரத்தைச் சாய்த்துவிட்டாள். மறுபக்கத்துக் கிழவர் அதன் கிளையில் தேன்கூட்டுக் கட்டையைத் தொங்கவிட்டிருந்தார். தேனீக்கள் இரண்டு வீட்டையும் வித்தியாசம் பார்க்காமல் கொட்டின. அதிலிருந்து அவள் கறாராகிவிட்டாள். "ஒருத்தருக்கு வேண்டாத மரம் இன்னொருத்தருக்கு வேண்டியதா இருக்கும். ரெண்டு மூஞ்சியையும் பார்த்துட்டுத்தான் கத்தி எடுப்பேன்" என்பாள். பகையாளிகளைக்கூட வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவார்கள். அது போதும் அவளுக்கு.

இந்த ஏப்ரலில் எவாரிஸ்ட் வாத்தியார் வீட்டில்தான் அந்தப் பிடிவாதத்தைக் கைவிட்டாள்.

எவாரிஸ்ட் அவளுக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர். ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியும் கால்சட்டை மடிப்புக் கலையாமல் நடப்பவர். தெற்கு வேலியோர மரங்களை எடுத்துவிட்டு அங்கே செங்கல் கட்டிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் கிலேயோ. ஒரு மாடும் வாழையும் வைத்துக்கொண்டு தனியாக இருக்கும் கிழவர். கண்ணில் புரை விழுந்தவர். இருவருக்கும் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. எதனால் என்று கேட்டால் ஆளுக்கொரு ஆட்டைப் பற்றிச் சொல்கிறார்கள், ஆட்டின் நிறம்கூட ஒத்துப்போவதில்லை.

ஐகாண்டே போய்க் கூப்பிட்டபோது கிலேயோ வர மறுத்துவிட்டார். "மரத்தைத்தானே வெட்டுறே? வெட்டு. அந்த ஆளு நிக்கிற மண்ணுல நான் நிக்க மாட்டேன்" என்றார். இரண்டு நாள் காத்திருந்தாள். மழை விட்டிருந்தது, மண் இளகியிருந்தது, இதைவிட்டால் மே கடைசிவரை நாள் கிடைக்காது. வாத்தியார் வேறு, வகுப்பறையில் நிற்பதுபோலப் பின்னால் கைகட்டிக்கொண்டு நின்று, "ஆளு சொல்லிட்டாரில்ல, அப்புறம் என்ன? ஆரம்பி" என்றார். அவர் ஆரம்பி என்றால் ஆரம்பித்துத்தான் அவளுக்குப் பழக்கம்.

முதல் மூன்று நாள் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பதினாலு தைல மரங்கள் வேலியின் நீளவாக்கில் விழுந்தன, ஒன்றுகூடக் குறுக்கே விழவில்லை. நான்காம் நாள் காலை வாய்க்கால் வளைவுக்கு வந்தாள். அந்த இடத்தில் கம்பி எப்போதோ இற்றுப் போய்விட்டது. உண்ணிச்செடி ஆள் உயரத்துக்குப் புதராக மண்டியிருந்தது. குனிந்து, கத்தியை வீசி, மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி, கையில் வந்ததை ஒருசேரப் பிடித்து இழுத்தாள். உண்ணிச்செடியின் தண்டு வறட்டுச் சத்தத்தோடு முறியும். இது ஈரமாக, சதக்கென்று அறுந்து வந்தது. கையில் இருந்ததைப் பார்த்தாள். நீள நீளமாகப் பச்சை இலைகள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அது இசாலே. மலையில் பிறந்த யாரும் அதன் மேல் கத்தி வைக்கமாட்டார்கள். எல்லையில் நிற்பது அது. அது நிற்கிற இடத்துக்குப் பிறகு அளவு நாடா, பத்திரம், பஞ்சாயத்து எதற்கும் வேலை இல்லை. அதைப் பிடுங்குவதும் அடுத்தவன் மண்ணைத் திருடுவதும் ஒன்றேதான். தப்புச் செய்தவன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாலும் அதன் இலையில்தான் முடிச்சுப் போட்டு நீட்ட வேண்டும். அந்த இலையைக் கண்ணால் பார்த்துவிட்ட பிறகு, எவ்வளவு பெரிய கோபக்காரனும் இல்லை என்று சொல்ல முடியாது. அந்த வேலியில் ஒரு காலத்தில் வரிசையாக இருந்த இசாலேக்கள் தைல மர நிழலில் ஒவ்வொன்றாகச் செத்து, மிஞ்சியிருந்தது இந்த ஒன்றுதான். அதையும் அவள் பிடுங்கிவிட்டாள்.

வாத்தியார் வந்து பார்த்தார். முதலில் "அடடா" என்றார். பிறகு வாய்க்காலைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார். சுவர் எழும்பப் போகிற கோட்டைக் கண்ணால் ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

"ஒரு செடிதானே, ஐகாண்டே. எதுக்கு இப்படி உக்காந்திருக்கே?"

"இசாலே, வாத்தியாரே."

"எனக்குத் தெரியாதா? இப்ப யாரு பார்த்தா?" குரலைத் தணித்தார். "அந்தக் கிழவருக்கு ரெண்டு கண்ணும் புரை. புதருக்குள்ள கிடந்தது. நீயே பார்க்கலைன்னா அவரு எங்கே பார்க்கப் போறாரு?"

வேலி மரம் வெட்டப் போனவள் எல்லையையும் சேர்த்து வெட்டினாள் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால், பிறகு இந்த மலையில் எவரும் தன் வேலிப் பக்கம் அவளை அண்டவிடமாட்டார்கள். பயமாகத்தான் இருந்தது ஐகாண்டேவுக்கு. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. அப்புறம் எழுந்து, பிடுங்கிய செடியிலிருந்தே ஒரு இலையைக் கிழித்து, நடுவில் முடிச்சுப் போட்டாள். வாய்க்காலைத் தாண்டிக் கிலேயோ வீட்டுக்குப் போனாள்.

கிலேயோ மாட்டுக் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தார். காலடிச் சத்தத்தை வைத்தே ஆள் யாரென்று கண்டுபிடித்துவிடுவார். அவள் வேலை நேரத்தில் வேலையை விட்டு வந்திருக்கிறாள் என்றதும், வந்த காரியமும் பாதி விளங்கியிருக்க வேண்டும். திரும்பாமல் முகத்தை மாட்டின் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

"கையில என்ன?"

"நீங்க திரும்பிப் பாருங்க, பெரியவரே."

"திரும்ப மாட்டேன். இலையாத்தான் இருக்கும், வாசனை வருது. பார்த்துட்டா மன்னிச்சாகணும். நான் இன்னும் கோபப்படவே ஆரம்பிக்கலை. மொதல்ல என்ன பண்ணேன்னு சொல்லு."

"வாய்க்கால் வளைவு இசாலேயைப் பிடுங்கிட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன். புதர்னு நினைச்சுட்டேன்."

பால் பீச்சும் சத்தம் நின்றது.

"எங்கப்பன் நட்டது அது" என்றார். "அதுக்கு அந்தப் பக்கம் அவன். இந்தப் பக்கம் என் தண்ணி. நாளைக்கு அவன் சுவரைக் கொண்டாந்து வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வச்சான்னா, இந்த மாடும் நானும் எதைக் குடிக்கிறது? உன் ரம்பத்தையா?"

"நான் வரச் சொல்லிக் கூப்பிட்டேன், பெரியவரே."

"கூப்பிட்டே. நான் வரலை. அதுக்காக நீ வெட்டுவியா? ரெண்டு மூஞ்சியும் பார்க்காம கத்தி எடுக்க மாட்டேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பியே, எங்கே போச்சு அது?"

"அதுவுந்தான் தப்பு" என்றாள் ஐகாண்டே. "அதுக்கும் சேர்த்துத்தான் இந்த முடிச்சு."

கிழவர் இன்னும் கொஞ்ச நேரம் மாட்டோடு மாடாக இருந்து பார்த்தார். கறப்பு நின்றுபோனதில் மாடு பொறுமை இழந்து வாலைச் சுழற்றி அவர் முகத்தில் ஓங்கி ஒரு அடி வைத்தது. கண்ணைத் துடைக்கத் திரும்பினார். முன்னால் இலை நீண்டிருந்தது. மங்கலாகவேனும் பச்சை தெரிந்துதானே ஆகும்.

"பாழாப்போன மாடு" என்று சொல்லிக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "நட. எங்கே இருந்துச்சோ அங்கேயே நடணும். இந்தத் தடவை நான் வந்து நிக்கிறேன்."

அவர்கள் திரும்பி வந்தபோது வளைவில் இசாலே நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் மண் அணைத்து, தண்ணீர்கூட ஊற்றியிருந்தது. அவள் தோண்டிய பள்ளம் இருந்த சுவடே இல்லை. மண் பரப்பி, உண்ணிச்செடிச் சருகைத் தூவியிருந்தது. எவாரிஸ்ட் வாத்தியார் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால்சட்டை மடிப்பில் சேறு.

"வாடிடப் போகுதேன்னு நானே நட்டுட்டேன்" என்றார், கிலேயோவைப் பார்க்காமல். "உசிருள்ளது இல்லையா."

கிலேயோ குனிந்து இலைகளைத் தொட்டுப் பார்த்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் போட்டார். மரங்கள் போன பிறகு எங்கும் ஒரே வெளிச்சம். கண்ணுக்கு அடையாளம் வைத்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

"ஐகாண்டே, இது இருந்த இடந்தானா?"

அவள் வாத்தியாரைப் பார்த்தாள். அவர் மண்வெட்டிக் காம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். மன்னிப்புக் கிடைத்தாயிற்று. பேச்சுக் கிளம்பாது. வாத்தியாரின் மானமும் பிழைக்கும். அவர் சொன்னதை அவள் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

ஐகாண்டே இரண்டு எட்டு வாத்தியார் நிலத்துப் பக்கமாக வந்து மண்டியிட்டாள். சருகை ஒதுக்கி, விரலாலேயே மண்ணைப் பறித்தாள். ஒரு சாண் ஆழத்தில் கிடைத்தது. அறுந்த வேர். தைல மரத்தின் வேர் வெளிறிக் கிடக்கும், உண்ணிச்செடியுடையது பழுப்பு. இது கறுத்த மண்ணுக்குள் நல்ல ஆரஞ்சு நிறமாக இருந்தது. இசாலேயின் வேருக்கு மட்டும்தான் அந்த நிறம்.

கிலேயோவின் கையைப் பிடித்து இழுத்து அந்த வேரின் மேல் வைத்தாள். கிழவர் விரலால் நிமிண்டி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மண்ணு எல்லா இடமும் ஒண்ணுபோலத்தான் இருக்கு" என்றார் வாத்தியார். "சருகுல அடையாளம் தெரியலை. அவசரத்துல..."

ஐகாண்டே போய் அவர் நட்டிருந்த இசாலேயை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கினாள். நட்டு ஒரு மணி நேரம்கூட ஆகாதது, பிடிவாதமே இல்லாமல் வந்தது. வேர் இருந்த பள்ளத்தில் இறக்கி, நிமிர்த்திப் பிடித்து, குதிகாலால் சுற்றி மிதித்தாள். கிலேயோ உட்கார்ந்த இடத்திலிருந்தே தண்டைத் தொட்டு, நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். கிழவர் கோபப்பட ஆரம்பித்துவிட்டார் என்பது அவர் மூச்சில் தெரிந்தது.

ஐகாண்டே அந்தச் செடியிலிருந்து இன்னொரு இலையைக் கிழித்தாள். நிதானமாக, இழுத்து, ஒரு முடிச்சுப் போட்டாள்.

"திரும்பவும் எதுக்கு?" என்றார் வாத்தியார். "நீதான் கேட்டுட்டியே. அவரு வாங்கிட்டாரே."

அவள் அவர் அருகே போனாள். அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கித் தன் தோளில் சாத்திக்கொண்டு, காலியான அந்தக் கையில் இலையை வைத்தாள்.